துளியும் சுமையும்

கொழுந்தை வெயில் ஏறுவதற்கு முன் பறித்துவிட வேண்டும் என்பது இந்தக் கொழுந்துச்சாற்றின் முதல் விதி. வேகமாக வளர்கிற எதுவும் ஆகும். பூசணிக்கொடியின் நுனி, முருங்கைத் தளிர், மூங்கில் குருத்து, வாழை மூட்டில் முட்டிக்கொண்டு வரும் இளங்கன்று. கழுவக் கூடாது, இலைமேல் ஏற்கெனவே குடியிருக்கும் ஈஸ்ட்டும் பாக்டீரியாவும்தான் வேலை செய்யப்போகிறவை. பொடியாக நறுக்கி, எடைக்கு எடை கருப்பட்டியை இடித்துப் போட்டுப் பிசறி, பரணியில் அழுத்தி, மேலே கொஞ்சம் காலியிடம் விட்டு, வாயைத் துணியால் கட்டி நிழலில் வைத்தால், ஒரு வாரத்தில் இலைகள் வதங்கிக் கிடக்க, அடியில் கருமையாகச் சாறு நிற்கும். வடித்தெடுத்து ஐந்நூறு பங்கோ ஆயிரம் பங்கோ தண்ணீர் கலந்து செடிக்கு விடலாம். கொரியாவின் சோ ஹன் கியூ 1960களிலிருந்து பரப்பிய இயற்கை வேளாண்மையில் இது ஒரு கூறு. அங்கே மலையோரத்து மாசிபத்திரி வகைச் செடியைப் பறிக்கிறார்கள், இங்கே திருவட்டாறில் நான் முருங்கையைப் பறிக்கிறேன். செய்யச் செய்ய ஒரு சங்கடம் கூடிக்கொண்டே வருகிறது. ஒரு செடியின் வளர்ச்சியைக் கிள்ளி இன்னொன்றுக்குக் கொடுக்கிறோமே என்பதால் வருவதோ என்று யோசித்துப் பார்த்தேன். ஆனால் பூசணிக்கு நுனி கிள்ளுவது நல்லதுதான், பக்கக்கொடி விடும். சங்கடம் அந்த ஐந்நூறு என்ற எண்ணில் இருக்கிறது. இத்தனை நீர்த்த ஒன்றை ஊற்றிவிட்டு, கொடுக்க வேண்டியதைக் கொடுத்தாயிற்று என்று மனது நிறைந்து திரும்புகிறதே, அந்த நிறைவில் இருக்கிறது.

துணியை அவிழ்க்கும்போது எழும் வாடையை வைத்தே உள்ளே நடப்பதைச் சொல்லிவிடலாம். சர்க்கரை மிகுந்த இடத்தில் இலையின் உயிரணுக்கள் தம் தண்ணீரை வெளியே விட்டுவிடுகின்றன. அந்தத் தண்ணீரோடு இலையின் சாரமும் கரைந்து இறங்குகிறது. இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ ஈஸ்ட் கிளம்பும், கள் வாடை வரும். அதன்பின் லாக்டிக், அசெட்டிக் பாக்டீரியாக்கள் பெருகிப் புளிப்பு ஏறும், காடி மணம் வரும். அந்தப் புளிப்பில் அழுகவைக்கும் கிருமிகள் தலைதூக்க முடியாது. கருப்பட்டி குறைந்துபோனாலோ சாரல் உள்ளே இறங்கினாலோ முட்டை கெட்ட நாற்றம் எழும்; அதைக் கொண்டுபோய்க் குழியில் கொட்ட வேண்டியதுதான். ஆசவமும் அரிஷ்டமும் பிறப்பதும் இந்த வழியில்தான். மருந்துச் சரக்கு, வெல்லம், தாதகிப்பூ, வாய் மூடிய பாண்டம், பொறுமை. வைத்தியம் பரம்பரையாக ஓடிய இந்த மண்ணில் ஒரு கொரிய முறை அந்நியமாகப் படாததற்கு அது ஒரு காரணமாக இருக்கலாம். இங்கே ஆதிகேசவப் பெருமாள் 22 அடி நீளத்துக்குப் பள்ளிகொண்டிருப்பதும் கடுசர்க்கரை யோகத்தில், மூலிகைச் சாறும் பிசினும் வெல்லமும் சேர்ந்த பூச்சில். அதனால் மூலவருக்கு நீராட்டு கிடையாது. 418 ஆண்டுகளுக்குப் பிறகு 2022 ஜூலை 6ஆம் தேதி குடமுழுக்கு நடந்தபோது கூட்டத்தில் நின்றபடி இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்: பச்சிலையும் வெல்லமும் ஒரு கையில் நூற்றாண்டுகள் நிற்கும் உடம்பாகின்றன, இன்னொரு கையில் ஒரே வாரத்தில் நுரைத்துப் பொங்குகின்றன. முன்னதில் நீர் படவே கூடாது. பின்னது நீரில் கலந்தால்தான் வேலைக்கு ஆகும்.

வாடையைப் பற்றி அக்கம்பக்கத்தில் யாரும் எதுவும் சொன்னதில்லை. மழைக்காலத்தில் திண்ணையில் ரப்பர் ஒட்டுப்பால் சாக்கை வைத்துக்கொண்டு தூங்கிப் பழகியவர்கள். கருப்பட்டியைப் பற்றித்தான் ஒருவர் கேட்டார். பனையேறிய குடும்பத்தில் பிறந்து, அடுப்படியில் அக்கானி காய்ச்சியே பாதி வயதைக் கழித்த பாட்டி. “மனுசனுக்கே கிட்டாத கருப்பட்டிய அழுக வச்சு மண்ணுல ஊத்துத. வாழை கேட்டுதா மக்களே?” வாழைக்கு நல்லது பாட்டி என்றேன். “நல்லதுதான். எனக்க அப்பன் ஏறின பனைக்க வெலை ஒனக்குத் தெரியுமா?” என்றார். தெரியாது. கணக்கு மட்டும் தெரியும். அக்கானியில் சர்க்கரை நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பங்குதான். ஒரு கிலோ கருப்பட்டிக்கு எட்டு, பத்து லிட்டர் காய்ச்சியாக வேண்டும். அதற்கு எத்தனை பனை, ஒவ்வொன்றிலும் காலையும் மாலையும் எத்தனை ஏற்றம், அடுப்புக்கு எவ்வளவு சுள்ளி, சருவத்தைக் கிண்டிய கை எத்தனை நேரம் அனலில் நின்றது. கலயத்தில் சுண்ணாம்பு தடவாமல் விட்டால் அக்கானி விடிவதற்குள் கள்ளாகிவிடும். அவர்கள் இரவெல்லாம் சுண்ணாம்பைக் கொண்டு தடுத்துவைத்த நொதித்தலை நான் பரணிக்குள் அவிழ்த்துவிடுகிறேன். தடுத்ததும் உழைப்பு. பாட்டிக்கு வலித்தது அங்கேதான் என்று நினைக்கிறேன். கருப்பட்டிக்குப் பதில் கரும்பு வெல்லம் போட்டால் இந்த வலி குறையுமா என்றால், அதுவும் யாரோ வெட்டிய கரும்புதான். முகம் தெரியாததால் குறைந்ததுபோல் இருக்கும், அவ்வளவே.

அந்த ஐந்நூறை ஒரு தடவை தாளில் போட்டுப் பார்த்தேன். பத்துக் கிலோ ஏத்தன் வாழைக்குலை ஒன்று விளையை விட்டு வெளியே போகும்போது சுமார் 35 கிராம் பொட்டாசியத்தைக் கொண்டுபோகிறது. ஒரு கிலோ பச்சைக்கொழுந்தில் இருப்பது நாலைந்து கிராம், மிஞ்சினால் ஆறு. கருப்பட்டியில் உள்ளதையும் சேர்த்து, ஒரு சொட்டும் வீணாகாமல் எல்லாம் சாற்றில் இறங்கிவிட்டது என்று வைத்து, லிட்டருக்கு இருபது கிராம் என்று தாராளமாகவே போட்டுக்கொள்கிறேன். ஐந்நூறு பங்கு நீர்த்த கரைசலை ஒரு மூட்டுக்கு ஐந்து லிட்டர் ஊற்றினால் அதில் சாறு பத்து மில்லி, பொட்டாசியம் 0.2 கிராம். குலை கொண்டுபோனதைத் திருப்பிக் கொடுக்க இப்படி நூற்று எழுபத்தைந்து தடவை ஊற்றியாக வேண்டும். நைட்ரஜனும் பாஸ்பரஸும் இதைவிடப் பெரிதாக எதையும் சொல்லிவிடாது. குலை வெட்டியபின் தடை என்று நாங்கள் சொல்லும் வாழைத்தண்டையும் இலையையும் துண்டு போட்டு மூட்டிலேயே போடுவார்கள் எங்கள் பக்கத்துப் பழைய விவசாயிகள். வாழை மண்ணிலிருந்து எடுத்த பொட்டாசியத்தில் பெரும்பங்கு அந்தத் தடையிலும் இலையிலும்தான் இருக்கிறது. ஒன்றும் நொதிக்கவில்லை, ஒரு விதியும் இல்லை, வெட்டுக்கத்தி மட்டும். பரணியின் முன்னால் நான் நின்ற நேரத்தில் பாதியை அந்தத் தடையின் முன்னால் நின்றிருந்தால் வாழைக்குக் கூடுதலாகவே கிடைத்திருக்கும்.

ஆனால் கணக்கோடு இது முடிந்துவிட்டது என்றும் சொல்ல முடியவில்லை. செடி சோறாக மட்டும் எதையும் வாங்குவதில்லை. 1926இல் தைவானில் குரோசாவா நெற்பயிரை நெட்டையாக வளரவைத்துச் சாய்க்கும் ஒரு பூஞ்சையை ஆராய்ந்தார். பூஞ்சை வளர்ந்த திரவத்தை வடிகட்டி விட்டாலே பயிர் நீண்டது. ஜிப்பெரலின் அந்த வழியில் வந்தது. 1941இல் வான் ஓவர்பீக்கும் உடனிருந்தவர்களும் ஊமத்தையின் மிக இளம் கருமுளைகளைக் கண்ணாடிக்குள் வளர்க்கப் பாடுபட்டார்கள்; கடைசியில் தேங்காய்க்குள் இருக்கும் நீரைச் சேர்த்தபோது அவை வளர்ந்தன. சைட்டோகைனின் போன்றவை வேலை செய்யும் அளவு பத்து லட்சத்தில் ஒரு பங்கு, அதற்கும் கீழே. அந்தக் கணக்கில் பார்த்தால் ஐந்நூறு பங்கு தண்ணீர் ஒன்றும் அதிகமில்லை. வளரும் நுனியில்தான் அந்தச் சாரங்கள் திரண்டிருக்கின்றன என்பதால் கொழுந்தைப் பறிக்கச் சொன்னதில் ஒரு புத்தி இருக்கிறது. புளித்த மோரும் தேங்காய்ப்பாலும் சேர்த்துப் புதைத்துவைக்கும் தேமோரை, பூவெடுக்கும் நேரத்தில் தெளிக்கச் சொல்வதிலும் இருக்கிறது. இருந்தும், ஒரு வாரம் புளிப்பில் ஊறி, கோடிக்கணக்கான கிருமிகளின் வாய்க்குள் போய் வந்தபின் அந்தச் சாரத்தில் எவ்வளவு மிச்சம்? மிஞ்சியதில் எது, எந்தப் பருவத்துச் செடிக்கு, வேருக்கா இலைக்கா? பாகற்கொடியின் இலை கரும்பச்சையாகத் திரும்பியதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். கரைசல் விட்ட கொடிக்குத்தான் நான் தினமும் போனேன், அதன் அடியில்தான் நத்தையைப் பொறுக்கினேன், அதற்குத்தான் தண்ணீர் தவறவில்லை. விடாத கொடி கிணற்றுக்கு அப்பால் தன்பாட்டுக்குக் கிடந்தது. இரண்டையும் ஒன்றாக நடத்திப் பார்க்கும் பொறுமையை ஒரு ஆராய்ச்சி நிலையத்திடம் எதிர்பார்க்கலாம். வீட்டுத் தோட்டக்காரனுக்கு ஒரு கொடியின்மேல் ஆசை வந்துவிட்டால் மற்றதன்மேல் சமமாக வருவதில்லை.

துளியை நம்புவது நமக்குக் கடினமே இல்லை. உள்ளங்கையில் விழும் ஒரு கரண்டித் தீர்த்தத்தில் உடம்பு முழுவதும் நனைந்ததாக எடுத்துக்கொள்ளும் ஊர் இது. பக்கத்துக் குலசேகரத்தில் ஹோமியோபதிக்கென்றே ஒரு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இந்த நம்பிக்கையை நான் எளிதாக எண்ணவில்லை, என்னிடமும் இருக்கிறது. ஆனால் இதே நம்பிக்கை ரசாயனத்தின் பக்கமும் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தபோதுதான் என் சங்கடத்துக்கு ஓர் உருவம் கிடைத்தது. 2021இல் நானோ யூரியா வந்தது. அரை லிட்டர் பாட்டில், 45 கிலோ யூரியா மூட்டைக்கு ஈடு என்றார்கள். அன்றைய பாட்டிலில் நூற்றுக்கு நாலு பங்கு நைட்ரஜன், அதாவது 20 கிராம். மூட்டையில் 20 கிலோவுக்கும் மேல். ஆயிரத்தில் ஒரு பங்கு. இலைவழியே தெளித்தால் வீணாவது குறையும் என்ற வாதம் சரிதான், அதற்காக ஆயிரம் மடங்கு குறையுமா? அதே ஆண்டு மே மாதம் இலங்கை ரசாயன உர இறக்குமதியை ஒரே மூச்சில் நிறுத்தியது. வயலுக்கும் தேயிலைக்கும் அந்த எடைக்குப் பதில் எடை எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு விடை இல்லாமலே பருவம் தொடங்கிவிட்டது. நடுவில் இந்தியாவிலிருந்து நானோ நைட்ரஜன் திரவம் போய் இறங்கியது. நவம்பரில் தடையை விலக்கினார்கள். ஆனாலும் நெல் விளைச்சல் சரிந்து, அரிசியை வெளியிலிருந்து வாங்கும் நிலை வந்தது. இயற்கை என்று சொன்னதால் அங்கே தோற்றது என்று எனக்குத் தோன்றவில்லை. சுமை வேண்டிய இடத்தில் துளியை வைத்தார்கள். என் பரணியும் அந்தப் பாட்டிலும் ஒன்றையொன்று பகையாக நினைத்துக்கொண்டு ஒரே ஆசையை வளர்க்கின்றன.

பழைய நூல்களில் துளி மட்டும் இல்லை. ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுக்கு முந்தையதாகச் சொல்லப்படும் சுரபாலரின் விருட்சாயுர்வேதம் குணபஜலத்தைச் சொல்கிறது. ஆக்ஸ்போர்டு நூலகத்தில் கிடந்த அதன் சுவடியை நளினி சதலே ஆங்கிலத்தில் பெயர்த்து 1996இல் வெளிவந்தது. இறைச்சியும் கொழுப்பும் மஜ்ஜையும் வேகவைத்து, சூடான இடத்தில் புளிக்கவிட்டு மரத்துக்கு விடுவது. ஒரு விலங்கின் உடம்பே அதில் இறங்குகிறது; கொடுத்த எடை கண்ணுக்குத் தெரியும். தேங்காய்ப்பட்டணத்திலிருந்து வரும் சாளையின் தலையும் குடலும் வெல்லத்தோடு ஊறி மீன் அமிலமாவதும் அதற்குக் கொஞ்சம் பக்கத்தில் நிற்கிறது. கொடுமுடி மருத்துவர் நடராஜனால் பஞ்சகவ்யம் பரவியது, நம்மாழ்வார் ஊர் ஊராக நடந்து பூச்சிவிரட்டிக்கு ஆடு தின்னாத இலை, ஒடித்தால் பால் வரும் இலை என்று எளிதாகச் சொல்லிக்கொடுத்தது எங்கள் பக்கம் வரை வந்தது. அவர் மூடாக்கைப் பற்றியும் ஓயாமல் சொன்னார்: மண்ணை அம்மணமாக விடாதே, இலையால் போர்த்து என்று. நாம் கரைசல்களை எழுதி வைத்துக்கொண்டோம், மூடாக்கை விட்டுவிட்டோம். ஏன் விட்டோம் என்று கேட்டால் சோம்பல் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

மூடாக்குக்கு இலை வேண்டும், கூடை கூடையாக. இரண்டு மழையும் பெய்யும் இந்தச் செம்மண்ணில் எதைப் போட்டாலும் ஒரு பகுதி கோதையாற்றிலும் பறளியாற்றிலும் இறங்கி மூவாற்றுமுகம் வழியே கடலுக்குப் போய்விடும். அதனால்தான் முன்பு போட்டுக்கொண்டே இருந்தார்கள். பூவரசு, புங்கு, அயினி, பிலா, வேலிக்கொன்னை என்று விளையைச் சுற்றி நின்றவற்றைக் கழித்துக் குழையாக்கி, தொழுவத்துச் சாணமும் அடுப்புச் சாம்பலும் சேர்த்துத் தெங்கு மூட்டிலும் வயலிலும் போட்டார்கள். இன்று அந்த இடத்தில் பெரும்பாலும் ரப்பர் நிற்கிறது. பனிக்காலம் முடியும்போது அதுவும் இலை உதிர்க்கும், தன் காலடியிலேயே மட்க வைத்துக்கொள்ளும். புரையிடம் பாகம் பிரிந்து பத்து சென்ட், ஐந்து சென்ட் ஆனது, தொழுவம் வாகனம் நிறுத்தும் இடமானது. இலைக்கு எங்கே போவது? இதுவரை எழுதியது ஒரு இழப்பைச் சொல்வதுபோல் இருக்கிறது. அங்கேயே நின்றுவிட எனக்குப் பயமாக இருக்கிறது. ஏனென்றால் ‘போட்டார்கள்’ என்று எளிதாக எழுதிவிட்டேன். போட்டவர் யார்? குழைக்கட்டைத் தலையில் வைத்து மேட்டு விளையிலிருந்து வயலுக்கு இறங்கியவர்கள், ஈரச்சாணம் வழிந்து கழுத்தில் இறங்கக் கூடை சுமந்தவர்கள், பெரும்பாலும் நிலம் இல்லாதவர்கள், அவர்களில் பெரும்பாலும் பெண்கள். 1855இல் திருவிதாங்கூர் அடிமை முறையைச் சட்டப்படி ஒழித்தது. சட்டம் வந்த மறுநாள் கூடை தலையிலிருந்து இறங்கிவிடவில்லை. அந்தத் தலைமுறையின் பேத்திகள் இன்று பள்ளியில் சொல்லிக்கொடுக்கிறார்கள், மருத்துவமனையில் ஊசி போடுகிறார்கள். அவர்கள் விட்டுவிட்டுப் போன சுமை மண்ணுக்குத் தேவை என்று சொல்லும்போது, யாருடைய தலையை மனதில் வைத்துச் சொல்கிறேன்? மண்வளம் பற்றிய பேச்சுகளில் இந்தக் கேள்வி வராமலே போவது எனக்கு வருத்தம் தருகிறது. துளியின்மேல் நமக்கு இத்தனை ஆசை வந்ததற்கு, அந்தச் சுமையைத் தூக்கியவர்களின் கழுத்து வலியும் ஒரு காரணம். அந்த ஆசையை ஏமாற்று என்று தள்ள என்னால் முடியாது.

ஆகவே பரணியை உடைத்துப் போடவில்லை. கரைசலை இப்போது நாற்றுக்கும் விதை ஊறவைப்பதற்கும் மட்டும் எடுக்கிறேன். துளிக்கு வேலை இருக்குமென்றால் அது அந்தப் பருவத்தில்தான் என்பது என் ஊகம். வாழைக்கு ஊற்றுவதை நிறுத்திவிட்டேன். அதற்குத் தடையும் சருகும் சமையலறைக் கழிவும் போகின்றன. ரோட்டோரம் கூட்டிக் குவித்துத் தீவைக்கும் சருகைக் கேட்டு வாங்கி, கைவண்டியில் நானே தள்ளிக்கொண்டு வருகிறேன். மேடு ஏறும்போது மூச்சு வாங்குகிறது, அதுவரைதான் என் விளைக்கு அளவு என்று வைத்திருக்கிறேன். கருப்பட்டியையும் விட்டாயிற்று. ஆனி மாதம் எங்கள் பக்கத்தில் கூழன் பலாச்சக்கை தின்ன ஆளில்லாமல் மரத்தடியில் விழுந்து சிதறி ஈ மொய்க்கக் கிடக்கும். அந்தச் சுளையில் சர்க்கரைக்குக் குறைவில்லை, அது நொதிப்பதற்கு யாரையும் கேட்பதில்லை. கொழுந்தோடு அதைப் பிசைந்து வைத்தால் சாறு இறங்குகிறது. ஆனால் சுளையில் தண்ணீர் அதிகம் என்பதால் கருப்பட்டி அளவுக்குப் பாதுகாப்பு இல்லை. மழை பிடித்த வாரத்தில் ஒரு பரணி கெட்டும் போனது. சுளையை ஒரு நாள் வெயிலில் வாட்டிப் போட்டால் நிற்குமா என்று பார்க்க வேண்டும். ஆனியில் வெயிலுக்கு எங்கே போவது என்பதுதான் தெரியவில்லை.